வாளா, கேடயமா, வில்லா? - ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்!

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் எபிசோடு ஞாபகம் இருக்கிறதா? 2016-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. நான்கு பையன்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டின் கதையில் டெமோகார்கன் என்ற பூதம் எதிரே வந்து நிற்கும். நெருப்புக் கோளத்தை எறியச் சொல்லி ஒருவன் கத்துவான். ரிஸ்க் வேண்டாம், பாதுகாப்பு மந்திரம் போடு என்பான் இன்னொருவன். வில் பையர்ஸ் நெருப்பைத் தேர்ந்தெடுத்துப் பகடையை உருட்டுவான். விழுவது 7. போதாது.

அந்த மேஜையில் நடந்த விளையாட்டுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. சுருக்கமாக ‘டி அண்ட் டி’. அந்தத் தொடரும், 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேமும் பார்த்துவிட்டு ‘நானும் விளையாட வரட்டுமா?’ என்று கேட்கும் நண்பர்கள் இப்போது எனக்கு நிறைய. அவர்களில் பாதிப் பேர் மந்திரங்களின் பட்டியலைப் பார்த்து மிரண்டு, ‘எனக்குச் சண்டை போடுற ஆள் போதும்’ என்று ஃபைட்டர் கேரக்டரை எடுப்பார்கள். உடனே அடுத்த கேள்வி வரும். ‘எந்த ஆயுதம் பெஸ்ட்?’

இணையத்தில் தேடினால் ரெடிமேட் பதில் கிடைக்கும். இருகைப் பெருவாளை எடு, அதுதான் அதிகம் அடிக்கும் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால், அந்தக் கணக்கு பாதிதான். ஆயுதம் என்பது எதிரிக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை மட்டும் முடிவு செய்வதில்லை. சண்டையில் நீங்கள் எங்கே நிற்பீர்கள், எதிரியின் அடி யார் மேல் விழும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எப்படி விளையாடுவது?

தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். போர்டு, காய் எதுவும் கட்டாயம் இல்லை. ஒருவர் கதை சொல்வார், அவர் பெயர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். ‘குகைக்குள் இருட்டாக இருக்கிறது, உள்ளே யாரோ சிரிக்கிறார்கள், என்ன செய்கிறீர்கள்?’ என்பார் மாஸ்டர். நீங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். தாயக்கட்டையை உருட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அதே பதற்றம்தான். தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து வரும். இங்கே வெட்டுப்பட்ட கேரக்டர் பெரும்பாலும் வராது.

ஆமாம், கேரக்டர்கள் சாகும். உயிர்ப்புள்ளிகள், அதாவது ஹிட் பாயின்ட், பூஜ்யத்துக்கு வந்தால் மயங்கி விழுந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை. 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நல்லது, கீழே விழுந்தால் கெட்டது. மூன்று நல்லது வருவதற்குள் மூன்று கெட்டது வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. 1 விழுந்தால் இரண்டு கெட்டதாகக் கணக்கு. ஒரு கதை பல மாதங்கள், சில குழுக்களில் பல வருடங்கள்கூட ஓடும். அத்தனை மாதம் ஒருவர் பேசிய குரல், போட்ட சண்டை, சேர்த்த நட்பு எல்லாம் அந்த மூன்று பகடையில் நிற்கும். ‘விளையாட்டுக்குப் போய் இவ்வளவு ஃபீலிங்கா?’ என்பவர்கள் ஒரே ஒருமுறை அந்த மேஜையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எல்லா ஆயுதமும் ஒன்றாக இருந்த காலம்

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் பதிப்பு வெறும் 1,000 பிரதிகள். அதில் மூன்றே வகை கேரக்டர்கள். மந்திரவாதி, மதகுரு, அப்புறம் ‘ஃபைட்டிங் மேன்’. இன்றைய ஃபைட்டரின் தாத்தா அவர்தான்.

அந்த முதல் விதிகளில் ஒரு வேடிக்கை. குத்துவாளோ, கோடரியோ, பெருவாளோ, எதால் அடித்தாலும் ஒரே ஒரு ஆறுமுகப் பகடைதான். ஆயுதத் தேர்வு என்ற தலைவலியே கிடையாது. 1975-ல் வந்த ‘கிரேஹாக்’ என்ற துணைப் புத்தகம்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடையை மாற்றியது. கைகாக்ஸ் சும்மா இருப்பவர் இல்லை. 1978-ல் வந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’கில் ஒவ்வோர் ஆயுதத்தின் நீளம், வேகம், எந்தக் கவசத்துக்கு எதிராக எவ்வளவு எடுபடும் என்றெல்லாம் அட்டவணை போட்டார். நீண்ட கம்பின் நுனியில் கத்தி மாட்டிய ஐரோப்பிய ஆயுதங்கள் மேல் அவருக்குத் தனிக் காதல். அந்தப் பட்டியலைப் படித்தால் அருங்காட்சியகத்துக்குள் தொலைந்துபோன மாதிரி இருக்கும்.

இன்றைய விதிகள் இவ்வளவு படுத்துவதில்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபைட்டர் முதல் லெவலிலேயே ஆயுதத்தோடு சேர்த்து ஒரு ‘ஃபைட்டிங் ஸ்டைல்’ எடுக்க வேண்டும். அதாவது, சண்டைப் பாணி. முதலில் வந்தவை ஆறு. 2020-ல் வந்த ‘டாஷா’ புத்தகம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. 2024-ல் விதிகள் திருத்தப்பட்டன. கீழே நான் போடும் கணக்குகள் 2014 விதிப்படி. பல குழுக்கள் இன்னும் அதைத்தான் வைத்திருக்கின்றன.

கயல் Vs கோப்ளின்

சும்மா விதிகளைச் சொன்னால் தூக்கம் வரும். ஒரு கேரக்டரை உருவாக்கிக்கொள்வோம். பெயர் கயல். (பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதிப்புத்தகமும் சொல்லவில்லை!) முதல் லெவல் ஃபைட்டர். பலம் 16, அதனால் அடிக்கும்போது +3 சேரும். பயிற்சிக்கு +2. மொத்தம் +5. சங்கிலிக் கவசம் போட்டிருக்கிறாள், எனவே அவளது ‘ஆர்மர் கிளாஸ்’ 16. சுருக்கமாக ஏ.சி என்பார்கள், நம் வீட்டுச் சுவரில் மாட்டும் ஏ.சி அல்ல. எதிரியின் பகடை எண் கூட்டல்களோடு சேர்ந்து 16-ஐத் தொட்டால்தான் அவளுக்கு அடி விழும். உயிர்ப்புள்ளிகள் 12.

எதிரே ஒரு கோப்ளின். குள்ளமான, குறும்புத்தனமான, கும்பலாக வரும் ஜந்து. புது ஆட்டக்காரர்கள் முதலில் சந்திக்கும் எதிரி பெரும்பாலும் இதுதான். ஏ.சி 15, உயிர்ப்புள்ளி 7, அடிக்கும்போது +4.

இப்போது கயலின் கையில் பெருவாளைக் கொடுப்போம். ‘கிரேட்ஸ்வோர்ட்’. இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. அதற்கேற்ற ‘கிரேட் வெப்பன்’ ஸ்டைலை எடுத்தால், 1 அல்லது 2 விழும் பகடையை ஒருமுறை மறுபடி உருட்டலாம். சராசரி 8.33 ஆகிறது. பலத்தின் +3-ஐயும் சேர்த்தால் ஒரு வெட்டுக்கு 11.33. கோப்ளினுக்கு இருப்பதே 7. வெட்டு பட்டுவிட்டால் 100-க்கு 99 முறை அது காலி.

அதே கயல் ஒரு கையில் லாங்ஸ்வோர்ட், மறு கையில் கேடயம் எடுத்தால்? வாளுக்கு எட்டுமுகப் பகடை, சராசரி 4.5. ‘டூயலிங்’ ஸ்டைல் எடுத்தால், ஒற்றைக் கை வாளுக்கு +2 கூடும். மறு கையில் வேறு ஆயுதம் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கேடயம் ஆயுதம் இல்லை, அதனால் தாராளமாகப் பிடிக்கலாம். இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் டூயலிங்கை ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம். பலத்தின் +3-ஐயும் சேர்த்து, ஒரு வெட்டுக்கு 9.5. பட்டால் கோப்ளின் சாகும் வாய்ப்பு 87.5 சதவிகிதம்.

ஆக, பெருவாளை விட்டதால் கயல் இழந்தது வெட்டுக்கு இரண்டு புள்ளிகூட இல்லை. கேடயம் கொடுத்தது என்ன? ஏ.சி 16 இப்போது 18. கேடயம் இல்லாத கயலைத் தொட கோப்ளினுக்கு 20 முகப் பகடையில் 12 வேண்டும். அதாவது, 45 சதவிகித வாய்ப்பு. கேடயம் இருந்தால் 14 வேண்டும், 35 சதவிகிதம். 20 அடிகளில் 9 பட வேண்டிய இடத்தில் 7 படும். கும்பலாக வரும் எதிரிகளிடம் அந்த இரண்டு அடி, நிற்பதற்கும் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்று சொல்ல வேண்டும். பெருவாளை எடுத்து, பகடைகளை உள்ளங்கையில் குலுக்கி, 12 விழும்போது மேஜையே அலறும் சந்தோஷம் இருக்கிறதே... அதை எந்த சராசரியும் தராது. ஜாலிக்காக எடுப்பது தப்பே இல்லை. ‘இதுதான் பெஸ்ட், மற்றதெல்லாம் வேஸ்ட்’ என்று புதியவர்களைப் பயமுறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கோடரிப் பிரியர்களுக்கு ஒரு தகவல். கிரேட்ஆக்ஸுக்கு ஒரு பன்னிருமுகப் பகடை. சராசரி 6.5. அதே ஸ்டைலோடு 7.33-தான். பெருவாளைவிட ஒரு புள்ளி குறைவு. ஆனால், பன்னிருமுகப் பகடையை உருட்ட வேறு சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை என்பதற்காகவே கோடரி எடுப்பவர்களை எனக்குத் தெரியும். நியாயமான காரணம்தான்!

இரண்டு கையில் இரண்டு வாள்

சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதுதான் முதல் ஆசை. இரண்டு ஷார்ட்ஸ்வோர்ட், சுழன்று சுழன்று வெட்ட வேண்டும். சாதாரணமாக, இரண்டாவது வாளின் வெட்டுக்கு பலத்தின் கூட்டல் கிடையாது. ‘டூ வெப்பன்’ ஸ்டைல் எடுத்தால் கிடைக்கும். முதல் லெவலில் இரண்டும் பட்டால் மொத்தம் 13. பெருவாளின் 11.33-ஐவிட அதிகம்!

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாவது லெவலில் எல்லா ஃபைட்டருக்கும் ஒரு கூடுதல் தாக்குதல் கிடைக்கும். பதினோராவது லெவலில் இன்னொன்று. பெருவாள் ஒன்றிலிருந்து இரண்டாகி, மூன்றாகும். இரட்டை வாளோ இரண்டிலிருந்து மூன்று, நான்கு. பார்க்க ஒன்றாகத்தான் தெரியும். ஆனால், பெருவாளின் ஒவ்வொரு வெட்டும் கனமானது. ஐந்தாவது லெவலில் பலம் +4 என்று வைத்துக்கொண்டால், பெருவாளுக்கு 24.67, இரட்டை வாளுக்கு 22.5. பதினோராவது லெவலில் +5 என்றால் 40-க்கு 34. ஆரம்பத்தில் முந்தியவர் பின்னால் போய்விடுவார். அதோடு 2014 விதியில், அந்த இரண்டாவது வெட்டு உங்கள் ‘போனஸ் ஆக்‌ஷன்’ முழுவதையும் சாப்பிட்டுவிடும். 2024 விதியில், குத்துவாள், சிமிட்டர் போன்ற சில ஆயுதங்களில் ‘நிக்’ என்ற திறமை இருக்கிறது. அதைக் கற்றிருந்தால் அந்தப் பிரச்னை தீரும்.

நாலைந்து வாரம் மட்டும் ஓடும் சின்னக் கதையா? இரட்டை வாள் சூப்பர். இரண்டு வருடக் கதையா? யோசியுங்கள்.

வில்லாளிக்கு முன்னால் யார்?

எண்களை மட்டும் வைத்துப் பரீட்சை நடத்தினால் ‘ஆர்ச்சரி’ ஸ்டைல்தான் முதல் மார்க் வாங்கும். வில்லால் எய்யும் ஒவ்வொரு முறையும் குறி பார்ப்பதில் +2. கயல் பலத்துக்குப் பதில் சுறுசுறுப்பை 16 ஆக வைத்து, லாங்போ எடுத்தால், ஏ.சி 15 கோப்ளினைத் தொடும் வாய்ப்பு 55-லிருந்து 65 சதவிகிதமாகிறது. 150 அடி தூரத்திலிருந்து நிம்மதியாக எய்யலாம். 600 அடி வரை முடியும், ஆனால் இரண்டு பகடை உருட்டிக் குறைவானதை எடுக்க வேண்டும். நடுவில் நம் ஆள் ஒருவர் நின்றால் எதிரிக்கு மறைப்பு கிடைத்து ஏ.சி 2 கூடும். ஆர்ச்சரியின் +2 அதைச் சரிக்கட்டிவிடும். கச்சிதமாக உட்காரும் விதி.

சிக்கல் வேறு இடத்தில். லேசான தோல் கவசத்தில் கயலின் ஏ.சி 14. ஐந்தடிக்குள் எதிரி வந்துவிட்டால் வில்லின் குறி கெட்டுப்போகும், அங்கேயும் இரண்டு பகடையில் குறைவானதுதான். எனவே, வில்லாளிக்கு முன்னால் யாராவது நின்றே ஆக வேண்டும். உங்கள் குழுவில் ஒரு மந்திரவாதி, ஒரு திருடன், ஒரு பாடகன், அப்புறம் நீங்கள் வில்லாளி என்றால், முன்னால் நிற்க ஆளே இல்லை. கோப்ளின்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது.

முதல் லெவல் மந்திரவாதியின் நிலைமையைப் பாருங்கள். உயிர்ப்புள்ளி 7 இருந்தால் பெரிய விஷயம். கோப்ளினின் சராசரி அடி 5.5. இரண்டு அடி போதும். இணையப் பட்டியல்கள் தனி வீரனின் மார்க் ஷீட்டைத்தான் போடுகின்றன. பக்கத்தில் நிற்பவரின் 7 புள்ளிகளை அவை எண்ணுவதே இல்லை.

யாரும் எடுக்காத ஸ்டைல்

‘புரொடெக்‌ஷன்’ ஸ்டைல் பெரும்பாலான பட்டியல்களில் கடைசி வரிசையில்தான் இருக்கும். இதனால் உங்கள் வாள் ஒரு புள்ளிகூட அதிகம் அடிக்காது. கையில் கேடயம் இருக்க வேண்டும். ஐந்தடிக்குள் இருக்கும் தோழரை எதிரி தாக்கும்போது நீங்கள் கேடயத்தைக் குறுக்கே நீட்டலாம். அப்போது எதிரி இரண்டு பகடை உருட்டிக் குறைவானதை எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒருமுறைதான். அடி விழுமா விழாதா என்பதைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏ.சி 12 உள்ள மந்திரவாதியை கோப்ளின் தொடும் வாய்ப்பு 65 சதவிகிதம். கேடயம் குறுக்கே வந்தால் 42. மூன்றில் ஒரு பங்கு அடி காற்றோடு போய்விடும்.

எங்கள் சனிக்கிழமை குழுவில் புதிதாகச் சேர்ந்த தோழி ஒருத்தி இதை எடுத்தாள். அதிகம் பேசாதவள். ‘ஏய், பெருவாள் எடுடி, அதான் மாஸ்’ என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். ‘இல்ல, எனக்கு யாரையும் வெட்டணும்னு தோணல. யாராவது விழாம பாத்துக்கறேனே’ என்றாள். மூன்றாவது வாரம் ஒரு பாலத்தின் மேல் சண்டை. எட்டு மாதமாக ஒரே மந்திரவாதியை விளையாடிக்கொண்டிருந்த நண்பனின் கேரக்டருக்கு மிச்சம் 2 புள்ளி. பூதம் கை ஓங்கியது. மாஸ்டர் பகடையை எடுத்தார். தோழி மெதுவாக, ‘நான் பக்கத்துலதான் நிக்கறேன். கேடயத்த நீட்டறேன்’ என்றாள். முதல் பகடை 17. இரண்டாவது 4. வீடியோ காலில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் யார் குரலும் கேட்கவில்லை. அந்த நண்பன் மட்டும் மைக்கை மியூட் செய்துவிட்டான். கண்ணைத் துடைத்தது கேமராவில் தெரிந்தது. அவன் மறுப்பான், மறுக்கட்டும்.

அதே 17, பெருவாள் வைத்திருந்த யாரையும் தாண்டி மந்திரவாதி மேல் விழுந்திருக்கும்.

‘டாஷா’ புத்தகத்தில் இதற்கு ஒரு தங்கை உண்டு, பெயர் ‘இன்டர்செப்ஷன்’. அடி பட்ட பிறகு, அதன் வேகத்தைக் குறைப்பது. ஒரு பத்துமுகப் பகடையும் உங்கள் பயிற்சி எண்ணும் சேர்ந்து கழியும். ஆரம்ப லெவலில் சராசரி 7.5. கோப்ளினின் சராசரி அடியே 5.5 என்பதால், பல நேரம் அடி முழுவதும் காணாமல் போகும். பட்ட அடிக்குத்தான் செலவு என்பதால் வீணாவதும் இல்லை. ஆனால், பின்னால் டிராகன் 30, 40 என்று கடிக்கும்போது இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அப்போது அடியையே தவறவைக்கும் புரொடெக்‌ஷன்தான் பெரியது. 2024 விதியில் புரொடெக்‌ஷனுக்கு இன்னும் பலம் கூடியிருக்கிறது. ஒருமுறை கேடயத்தை நீட்டினால், தோழரைவிட்டு நகராத வரை உங்கள் அடுத்த முறை வரும்வரை அவர் மேல் வரும் எல்லாத் தாக்குதலுக்கும் அது செல்லும்.

எதுவுமே பிடிபடவில்லை என்றால் ‘டிஃபென்ஸ்’ எடுங்கள். கவசம் போட்டிருந்தால் ஏ.சி எப்போதும் +1. அவ்வளவுதான். சொல்லிக்கொள்ளக் கதை எதுவும் இல்லை, ஆனால் எந்த ஆயுதத்தோடும் சேரும், எந்த லெவலிலும் பழசாகாது. கேடயம் பிடித்த கயலுக்கு ஏ.சி 19 ஆகும். கோப்ளினுக்கு 30 சதவிகிதம்தான் வாய்ப்பு.

இரண்டாம் வரிசையில் ஒரு நீண்ட கம்பு

கைகாக்ஸின் காதலை மறக்கக் கூடாது. கிளேவ், ஹால்பர்ட் போன்ற நீண்ட ஆயுதங்கள் பத்தடி தூரம் எட்டும். பத்துமுகப் பகடை. கேடயம் பிடித்த ஒருவர் முன்னால் நிற்க, அவர் தோளுக்கு மேலாக நீங்கள் குத்தலாம். குழுவில் ஏற்கெனவே ஒரு முன்வரிசை ஆள் இருந்தால், இன்னொரு கேடயத்தைவிட இதுதான் உதவும். பிறகு லெவல் ஏறும்போது ‘போல்ஆர்ம் மாஸ்டர்’, ‘சென்டினல்’ என்ற இரண்டு சிறப்புத் திறமைகளையும் எடுத்தால், பத்தடிக்குள் நுழையும் எதிரிக்கு ஒரு குத்து, பட்டால் அவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பின்னால் இருக்கும் மந்திரவாதியிடம் போகவே முடியாது. யாரையும் கேடயத்தால் மறைக்காமலேயே காப்பாற்றும் வழி இது.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஆயுதங்களும் பெருவாளும் ‘ஹெவி’ வகை. 2014 விதியில் ஹாஃப்லிங், நோம் போன்ற குட்டி இனத்தவர் இவற்றைத் தூக்கினால் குறி கெடும். குட்டி உருவத்துக்கு ராட்சத வாள் கொடுத்துப் பார்க்கும் ஆசை இருந்தால், உங்கள் மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் இன்னொன்று இருக்கட்டும்

எந்த ஸ்டைல் எடுத்தாலும் ஒரே ஆயுதத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். எலும்புக்கூடு எதிரே வந்தால் வாளைவிட தண்டாயுதம் நல்லது. நசுக்கும் அடி எலும்புக்கூட்டுக்கு இரண்டு மடங்கு வலிக்கும். பறக்கும் எதிரி வந்தால் பெருவாளைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்கு எறியீட்டி இரண்டு மூன்று வேண்டும். ஒன்று அரைப் பொற்காசுதான் விலை. பெருவாள் 50 பொற்காசு, லாங்ஸ்வோர்ட் 15, கேடயம் 10. முழு உடலையும் மூடும் தகட்டுக் கவசம் 1,500. ஆரம்பத்திலேயே அதைக் கனவு காணாதீர்கள். ஆனால், கதையில் முதல் புதையல் கிடைத்ததும் எல்லா ஃபைட்டரும் ஓடுவது அந்தக் கடைக்குத்தான்.

நிஜப் பணம் எவ்வளவு ஆகும் என்று வீட்டில் கேட்பார்களே? தொடங்குவதற்கு எதுவும் தேவையில்லை. அடிப்படை விதிகளை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. 2014 விதிகளின் பெரும்பகுதியை 2023 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். மேலே சொன்ன முதல் ஆறு ஸ்டைல்களும் அதிலேயே இருக்கின்றன. பகடைக்கு மொபைலில் இலவச ஆப்கள் போதும். கையில் நிஜப் பகடை உருட்டுவதன் சுகமே தனி என்று பிறகு நீங்களே வாங்குவீர்கள், அது வேறு கதை.

முதல் நாள் உட்காருவதற்கு முன் குழுவில் இரண்டு கேள்வி கேளுங்கள். மற்றவர்கள் யார் யார், அவர்களில் முன்னால் நிற்பது யார்? அடுத்தது, விளையாடப் போவது 2014 புத்தகமா, 2024 புத்தகமா? பழைய புத்தகத்தில் எடுத்த ஸ்டைலை மாற்ற வழியில்லை. ‘டாஷா’ புத்தகத்தின் கூடுதல் விதியை மாஸ்டர் அனுமதித்தால் மட்டும், சில குறிப்பிட்ட லெவல்களில் மாற்றலாம். புதியதில் ஃபைட்டராக ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் மாற்றிக்கொள்ளலாம். 2024-ல் விளையாடுகிறவர்கள் முதல் மாதம் பெருவாளைச் சுழற்றி ஆசை தீர்ந்ததும், அடுத்த லெவலில் கேடயத்துக்கு வரலாம். 2014-ல் விளையாடுகிறவர்கள், பக்கத்தில் உட்காரப் போகும் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி எத்தனை என்று பார்த்துவிட்டு ஸ்டைலை எழுதுங்கள்.